சொட்டும் வண்டியும் சாம்பிராணித் தணலும்

அந்த வண்டியை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசையில் குடியிருந்த பெண்கள், நான்தான் புருஷனை நச்சரித்து மோட்டார் சைக்கிள் வாங்க வைத்தேன் என்று பேசினார்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு பீச்சுக்குப் போக எனக்கு ஆசையாம். காசிமேட்டில் மீன்பிடிக்கிறவன் வீட்டில் பிறந்தவளுக்குக் கடல் பார்க்க வண்டி எதற்கு?

சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பிப் போனபோது, விட்டுப்போன சாமான்களை எல்லாம் ஏலம் போட்டார்கள். தார்ப்பாய், பூட்ஸ், இரும்புக் கட்டில், வண்டிகள் என்று குவிந்து கிடந்ததாம். என் புருஷன் சண்டைக் காலத்தில் ஒரு பட்டாளத்து ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர். அந்த ஏலத்தில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று பல கை மாறி, ஓடாமல், ஒரு விறகுத் தொட்டியின் மூலையில் கிடந்தது. அதை வாங்கி, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். பச்சைப் பெயிண்டுக்கு மேல் துரு, துருவுக்கு மேல் யாரோ அடித்த கறுப்புப் பெயிண்டு. சீட்டு இருந்த இடத்தில் மடித்த சாக்கு.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. எண்ணூர்ப் பக்கம் உப்பளம் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு, தண்ணீர் இறைக்கும் என்ஜின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. என்ஜின்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று இங்கே, இன்னொன்று அதற்கு வெகு தூரம் தள்ளி. ஒன்று நின்றுபோனால் உடனே போய் நிற்க வேண்டும். "சொந்தமா வண்டி இருந்தா வா. ரயில நம்பி வர்றவன் எனக்கு வாணாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். வண்டி இருந்தால் அந்த வேலை. இல்லையென்றால் மறுபடி ஷெட்டு ஷெட்டாகக் கைவேலை தேடி அலைய வேண்டியதுதான்.

படகில் போகிறவனைக் கட்டமாட்டேன் என்று நான் என் நைனாவிடம் சொல்லியிருந்தேன். மீன் நாற்றம் எனக்குப் பழக்கம்தான். கரையில் நின்று வழி பார்க்கத்தான் எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் பெரம்பூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவருக்குக் கழுத்தை நீட்டினேன். கடைசியில் எண்ணூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. அது வேறு கதை.

நாங்கள் குடியிருந்தது ராயபுரத்தில் ஒரு சந்துக்குள். நீளமான ஒரு நடை. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறையாகக் குடித்தனங்கள். எங்கள் அறை கடைசி. அவரவர் வாசலில் அவரவர் அடுப்பு. நடைக்குச் சிமெண்டு கிடையாது. செங்கல் தூளும் மண்ணும் கொட்டி இடித்த தரை. வண்டியை எங்கள் வாசலுக்கு எதிரில் சுவரோரமாக நிறுத்தினோம். சந்தில் நிறுத்தினால் காலையில் சக்கரம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சக்கரத்தை விட்டுவைத்தாலும் உப்புக்காற்று மிச்சத்தைத் தின்றுவிடும்.

மாடியில் வீட்டுக்கார அம்மா இருந்தார். தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவரின் மனைவி. அவர் காலமான பிறகு அந்தக் கட்டிடம் முழுக்க இந்த அம்மாவின் குரலுக்குத்தான் அசையும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம், தட்டில் தணல் எடுத்து, சாம்பிராணி தூவி, படி இறங்கி வருவார். நடை முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று புகை காட்டுவார். உள்ளே எந்தச் சாமி படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். கடைசி வாசல்வரை வந்து திரும்பினால்தான் அவருக்கு வெள்ளிக்கிழமை முடியும். அந்தக் கடைசி வாசல் எங்களுடையது.

வண்டி வந்த பிறகு வந்த முதல் வெள்ளி, அவர் நடையில் பாதி வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா நாத்தம் இது?"

"பெட்ரோலும்மா" என்றேன். "கொஞ்சமாத்தான் சொட்டுது. அவரு சரி பண்ணிடுவாரு."

"சொட்டுதா? கையில நெருப்ப வெச்சிகினு நிக்கிறேன், சொட்டுதுன்னு சாவகாசமா சொல்றே!"

தட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வெள்ளியும் அதே இடத்தில் நின்றார், முகர்ந்தார், திரும்பினார். கடைசி நான்கு வாசல்களுக்குப் புகை இல்லை. அந்த நான்கு வாசல்காரர்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அதற்கு நான்தான் காரணம் என்று ஆயிற்று.

மறுநாள் வீட்டுக்கார அம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"வர்ற வெள்ளி கடைசி வாசல் வரிக்கும் வருவேன். என் மூக்குக்கு சாம்பிராணிதான் வரணும். பெட்ரோல் வந்துச்சுன்னா வண்டிய அனுப்பிடு. வண்டிய அனுப்ப மன்சு வரலியா, நீங்களும் அது கூடவே கெளம்புங்க."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது? ஆனால் அவர்மேல் கோபப்பட வழி இல்லை. நடையில் அத்தனை அடுப்புகள். நானே பயந்துபோய் என் அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துப் புகையில் கண் கலங்கச் சமைத்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்து கோபத்தை எல்லாம் புருஷன்மேல் கொட்டினேன்.

"இன்னாய்யா இது, வண்டியா ஓட்டப் பானையா? அந்தம்மா வெள்ளிக்கெழம வரிக்கும்தான் டைம் குட்த்துகீது."

"கொஞ்சம் பொறுமே. பார்த்துகினுதானே கீறேன்."

"பார்த்துகினே இரு. பெட்டிய நான் கட்டுறேன்."

டாங்கிக்குக் கீழே பெட்ரோல் குழாய் இருக்கிறதே, அதை மூடினால் போதாதா என்று நானும் கேட்டேன். குழாய்க்குள் ஒரு தக்கைதான் அடைப்பாக இருக்கும். அது காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. மூடினாலும் கசிந்துகொண்டே இருந்தது. மாற்றிப் போட அந்த மாதிரித் தக்கை கிடைக்காது, பட்டாளத்தோடு கப்பல் ஏறிப் போய்விட்டது என்றார் அவர். பெட்ரோலோ அப்போது ரேஷன் சீட்டுக்குத்தான் கிடைத்தது. சீட்டுக்கு வாங்கிய பெட்ரோலை எங்கள் நடையின் தரை குடித்துக்கொண்டிருந்தது. அது வேறு எனக்கு வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவி செய்ய உட்காரவில்லை. கண்காணிக்கத்தான். கழற்றிய சாமானைப் பார்த்ததும்தான் இத்தனை ரகளைக்கும் காரணம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் பித்தளையில் செய்த ஒரு குட்டி டப்பா, எல்லாப் பக்கமும் மூடி ஒட்டியது, உள்ளே வெறும் காற்று. அதுதான் மிதவை. அதன் நடுவில் ஓர் ஊசி செருகியிருக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை மேலே வரும். அதோடு ஊசியும் மேலே வந்து பெட்ரோல் வருகிற துவாரத்தை அடைத்துவிடும். என்ஜின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், துவாரம் திறக்கும். அவ்வளவுதான். மிதவை சரியாக ஏறவில்லை என்றால் துவாரம் மூடாது, பெட்ரோல் கிண்ணம் வழிந்து தரைக்கு வரும்.

முதலில் அவர் ஊசிமேல் சந்தேகப்பட்டார். ஊசி முனையையும் துவாரத்தையும் துடைத்து, பாத்திரம் துலக்கும் பொடி போட்டுத் தேய்த்து மாட்டினார். நான் அடுப்புச் சாம்பலைச் சலித்து, கார்புரேட்டருக்கு நேர் கீழே பரப்பி வைத்தேன். சாம்பலில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறுப்பாகத் தெரிந்துவிடும். யார் பொய் சொன்னாலும் சாம்பல் பொய் சொல்லாது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். சாம்பல் கறுத்துக் கூழாகக் கிடந்தது.

மறுபடி கழற்றினார். இந்தத் தடவை மிதவையை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். என் காதிலும் வைத்தார். உள்ளே ஏதோ சளசளத்தது. காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல்.

"ஓட்ட கீது. அதான் முழுவுது" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம். வியாதி தெரிந்துவிட்டது என்றால் மெக்கானிக்குகளுக்குப் பாதி குணமான மாதிரி.

ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்பிலிருந்து தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, அடுப்பை அணைத்து, சொம்போடு நடைக்குக் கொண்டுவரச் சொன்னார். மிதவையைக் கம்பியில் கோத்து வெந்நீரில் முக்கினார். சூட்டில் உள்ளே இருந்த பெட்ரோல் ஆவியாகி, அடியில் ஒட்டிய விளிம்பிலிருந்து மணிமணியாகக் குமிழ் விட்டது. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்தார். குமிழ் நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக் குலுக்கினோம். சத்தம் இல்லை.

இனி அந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் காஸ் லைட் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்கு விளக்கு வாடகைக்கு விடுவதும் அவர்தான். பித்தளையில் ஈயம் வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை. போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருந்தது. எங்கோ தர்கா கந்தூரிக்கு விளக்குகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள்.

திங்கட்கிழமை உப்பளத்திலிருந்து ஆள் வந்தது. என்ஜின் நின்றுவிட்டதாம். என் புருஷன் ரயிலைப் பிடித்து ஓடினார். நான் மிதவையை முந்தானையில் முடிந்துகொண்டு காசிமேட்டுக்குப் போனேன்.

என் நைனா கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பலகை இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுகிற வேலை. மிதவையை வாங்கி, கைமேல் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தினூண்டு டப்பாவுக்கா உன் புருஷன் ஊரெல்லாம் சுத்துறான்?"

"ஓட்டை கீது நைனா. ஈயம் வெக்கணும்."

"ஈயம் இன்னாத்துக்கு? நான் அடைச்சா கடலே உள்ள வராது. இந்தப் பெட்ரோலா வந்துடப் போவுது?"

சுண்டுவிரலால் குங்கிலியத்தைத் தொட்டு ஓட்டையில் அப்பினார். சும்மா விடவில்லை. சுற்றிலும் தடவினார். மகள் வீட்டுப் படகு என்று நினைத்துக்கொண்டார் போல. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அதை மாட்டினோம். சாம்பல் வைத்தோம். ஒரு சொட்டு இல்லை. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு எண்ணூருக்குப் போனார். நான் அடுப்பை வாசலுக்கு எடுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சாயங்காலம் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருவொற்றியூர் தாண்டியதும் என்ஜின் இருமி இருமி நின்றுவிட்டதாம். கால்வரை பெட்ரோலில் நனைந்திருந்தார். வழியில் பீடி பிடித்துக்கொண்டு வந்த ஒருவனை அவரே துரத்தியடித்தாராம். நடையில் நிறுத்தியதும் சொட்டு இல்லை, ஒழுகவே ஒழுகிற்று. கழற்றிப் பார்த்தால் குங்கிலியம் பெட்ரோலில் ஊறி, கரைந்து, வெல்லப்பாகு மாதிரி ஊசியையும் மிதவையையும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நைனா வந்தார். கையில் கொஞ்சம் சங்கரா மீன். தன் கைவேலை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவர்.

"மாமா, இது இன்னாது?" என்று என் புருஷன் ஊசியை நீட்டினார். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நைனா முகர்ந்து பார்த்தார். "தண்ணின்னா நிக்கும் மாப்ளே. இது தண்ணியில்ல போலகீது."

"பெட்ரோல தண்ணின்னு உனுக்கு எவன் சொன்னான்?"

"அது கண்ணால பாத்தா தண்ணி மாதிரிதானே கீது!"

சண்டை வரும் என்று பார்த்தேன். என் புருஷன்தான் முதலில் சிரித்தார். பிறகு நைனாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேருக்கும் வீடு போகப் போவது விளையாட்டாக இருந்தது. "மீன வெச்சிட்டுப் போ நைனா" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. போகும்போது அந்தச் சுருங்கிய குழாய்த் தக்கையைக் கேட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. தக்கை இருந்த இடத்தில் என் புருஷன் துணியைச் சுற்றித் திணித்து வைத்தார்.

புதன்கிழமை காஸ் லைட் பாய் கடை திறந்தார். நானும் கூடப் போனேன். ஒட்டியிருந்த பாகை எல்லாம் சுரண்டிக் கழுவி, மறுபடி வெந்நீரில் போட்டு, உள்ளே பெட்ரோல் இல்லை என்று நாலு தடவை குலுக்கிப் பார்த்த பிறகுதான் பாய் மிதவைக்கு அருகில் சூட்டைக் கொண்டுவந்தார்.

"உள்ளாற ஒரு சொட்டு இருந்தாலும் என் தாடி போயிடும், தங்கச்சி" என்றார்.

தாடி போகவில்லை. ஓட்டையில் ஈயம் உருகி உட்கார்ந்தது. "நல்லா கெட்டியா வைங்க பாய், மறுபடி வர முடியாது" என்றார் என் புருஷன். பாய் இன்னும் கொஞ்சம் வைத்தார். "எந்த விளக்குக்கும் இவ்ளோ வெச்சதில்ல. உன் பேரன் காலத்துலகூட இது விடாது" என்றார். அடியில் ஒரு பக்கமாக ஈயம் புடைத்துக்கொண்டிருந்தது.

வந்து மாட்டினோம். முன்பு போல ஒழுகவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலையில் பார்த்தால் சாம்பலில் கறுப்பு வட்டம். சின்ன வட்டம்தான். வீட்டுக்கார அம்மாவின் மூக்குக்கு அது போதும்.

என் புருஷன் நடையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"உட்டுத் தள்ளுமே. வித்துடலாம்" என்றார். "இத வித்துட்டு வேற வேலை பாத்துக்கறேன்."

 திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அந்த மனுஷன் அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் முதலாளிகள் வாசலில் நிற்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என்ஜின்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் வேறு மாதிரி ஆகும். வண்டியை விற்கச் சொல்லி என் வாயால் வராது. வீட்டை விடவும் மனமில்லை. ராயபுரத்தில் மறுபடி ஓர் அறை தேடுவது என்றால் யாரிடம் போய் நிற்பது?

"அத கழட்டு" என்றேன்.

"எத்தினி தபா கழட்றது?"

"கழட்டுய்யா."

கழற்றினார். மிதவையைக் கையில் வாங்கிக் குலுக்கினேன். உள்ளே சத்தம் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, அதில் மிதவையை விட்டேன்.

"மெதக்கிது, பார்த்தியா? ஓட்டை இல்ல" என்றார்.

மிதந்தது. ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து, முக்கால்வாசி முழுகி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் நான் வலை கட்டியவள். வலையின் மேல் கயிற்றில் மிதவைக் கட்டை கட்டுவோம், கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டு கோப்போம். மேல் கயிறு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், கீழ்க் கயிறு தொங்க வேண்டும். கட்டை ஊறிப்போய்ப் பாதி முழுகினால் மேல் கயிறு தாழ்ந்துவிடும், மீன் மேலே தாண்டிப் போய்விடும். கட்டை மிதக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு மிதக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

"மெதக்கிற கட்டையில எவனாவது ஈயத்த கட்டுவானாய்யா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பிறகு அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். கனம் கூடினதால் மிதவை தாழ்வாக நிற்கிறது. அது மேலே வந்து துவாரத்தை அடைப்பதற்குள் கிண்ணம் நிறைந்து வழிகிறது. இதை அவர் எனக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். நான் சொன்னதையே எனக்கு விளக்கினார். ஆம்பிளைகள் அப்படித்தான். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

உப்புத்தாள் பிடித்து ஈயத்தைத் தேய்த்தார். தேய்ப்பது, டம்ளரில் விடுவது, எடுப்பது, மறுபடி தேய்ப்பது. அவசரத்தில் ஓட்டை திறந்துகொண்டால் எல்லாம் பாழ். மத்தியானம் ஆயிற்று. கடைசியில் மிதவை நிமிர்ந்து, பாதிக்கு மேல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டை இருந்த இடத்தில் ஈயம் மெல்லிய தோலாக மினுங்கிற்று. மாட்டினோம். சாம்பல் வைத்தோம். உட்கார்ந்து அதையே பார்த்தோம். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

சாயங்காலம் நைனா வந்தார். இந்தத் தடவை மீன் இல்லை. இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். கப்பலிலிருந்து எறிகிற சீமைப் புட்டிகள் எங்கள் கரையில் அவ்வப்போது ஒதுங்கும். அந்தப் புட்டிகளின் தக்கைகளை நைனா ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார், எதற்காவது ஆகும் என்று. அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, பழைய தக்கையை அளவுக்கு வைத்து, மீன் அறுக்கிற கத்தியால் செதுக்கியிருந்தார். வெந்நீரில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது பெட்ரோலுக்கு கரையாது. ராத்திரி முழுக்க ஒண்ண அதுலியே போட்டுப் பாத்துட்டேன்" என்றார்.

"பெட்ரோல் உனுக்கு ஏது நைனா?"

"அன்னிக்கி உன் புருஷன் டப்பாவுல வெச்சிருந்தான். கொஞ்சம் எட்த்துகினு போனேன். ஏன், சாம்பாருக்கா வெச்சிருந்தே?"

என் புருஷன் தக்கையைக் குழாய்க்குள் திருகினார். மூடினால் மூடியது. திறந்தால் திறந்தது. "மாமா, சீமையிலகூட இப்டி கெடைக்காது" என்றார்.  அன்றைக்கு நைனா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்கு முன்னால் மருமகன் வீட்டில் அவர் கை நனைத்ததில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால், சாம்பல் காய்ந்து கிடக்கிறது, நடையில் நாற்றம் அப்படியே இருக்கிறது. குனிந்து தரையை முகர்ந்தேன். தரைதான். வாரக்கணக்காகக் குடித்ததை எல்லாம் அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அறைக்காரி தன் வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் சொட்டுதா?" என்று கேட்டாள்.

"சொட்டல."

"நாத்தம் வருதே?"

"அது பழைய நாத்தம்."

"அந்தம்மா மூக்குக்கு பழசு புதுசு தெரியுமா?" என்றாள். கேலிதான். ஆனால் நியாயமான கேலி.

புருஷன் எண்ணூருக்குப் புறப்பட்டார். சாயங்காலத்துக்குள் வண்டியோடு வந்துவிட வேண்டும், வண்டியை எங்கேயோ ஒளித்துவைத்து ஏமாற்றினோம் என்று பேச்சு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு கடப்பாரையை எடுத்தேன். வண்டி நிற்கிற இடத்தில் தரையைக் கொத்தினேன். மேல் மண் கறுப்பு. அதற்குக் கீழேயும் கறுப்பு. கைக்கு ஈரம் தட்டவில்லை, வாசனை மட்டும் போகவில்லை. முழங்கால் ஆழம் போன பிறகுதான் மண் மண்ணாக இருந்தது. கூடை கூடையாக அள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். திரும்பி வரும்போது அதே கூடையில் மணல் நிரப்பிக்கொண்டு வந்தேன். நாலாவது தடவை போகும்போது பக்கத்து அறைக்காரி தன் கூடையையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். வாயை மட்டும் மூடவில்லை. "மோட்டார் வெச்சிருக்கறவ மண்ணு சொமக்கிறா பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வந்தாளே, அது போதும்.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தன் கட்டிடத்துத் தரையைத் தோண்டுகிறேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழியை மணலால் மூடி மிதித்துக் கெட்டித்து, மேலே தண்ணீர் தெளித்தேன்.

சாயங்காலம் என் புருஷன் வந்து வண்டியை மணல்மேல் நிறுத்தினார். குழாயை மூடினார். இரண்டு தடவை மூடினார். நான் வண்டிக்குக் கீழே புதுச் சாம்பல் பரப்பினேன். என்ஜின் சூடு ஆறிவிட்டதா என்று அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் அறைக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கார அம்மாவின் தட்டில் தணல் சிவப்பாக இருந்தது. முதல் வாசல், இரண்டாவது வாசல் என்று வந்துகொண்டே இருந்தார். நடையின் பாதியில், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். சாம்பிராணித் தட்டைப் பின்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்து முகர்ந்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நான் என் வாசலில் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு வாசல் முன்னால் வந்தார். முகர்ந்தார். இன்னொரு வாசல் வந்தார். வண்டிக்குச் சற்று எட்டத்தில் நின்று, குனிந்து, கீழே இருந்த சாம்பலைப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு சாம்பிராணியை ஒரு சிட்டிகை தணலில் போட்டு, புகையைக் கையால் விசிறி எங்கள் வாசலுக்கு அனுப்பினார். கொஞ்சம் வண்டிப் பக்கமும் போயிற்று.

"உள்ளாற ஒளிஞ்சிகினு கீறானா உன் புருஷன்?"

"ஆமாம்மா."

"குழாய டெய்லி மூடச் சொல்லு. நான் மேலேர்ந்து கேப்பேன்" என்றார். திரும்பி நடந்தார். நடுவில் நின்று, "தரைய தோண்டினியே, ஓரத்துல சரியா மிதிக்கல. நாளிக்கி மிதி" என்றார்.

அன்றிலிருந்து தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாடியிலிருந்து குரல் வரும், குழாயை மூடியாயிற்றா என்று. மூடியாயிற்று என்று என் புருஷன் கத்துவார். நான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பல வருஷம் அந்த அறையில் இருந்தோம், அவரும் எண்ணூர் போய் வந்துகொண்டிருந்தார். என் அடுப்பை மட்டும் கடைசிவரை நான் வாசலுக்கு எடுத்துவரவில்லை. புகையில் சமைத்துப் பழகிவிட்டேன். அந்த வண்டிமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை ஒரு நாளும் வந்ததில்லை.